தொட்டிப் பூஞ்செடிக்கு எருவிடுதல்

தோற்றுவாய்

பூவை விரும்பாதார் உலகில் அரியர். முற்றமும் தோட்டமும் உடையார் நிலத்தில் வளர்ப்பர். அவை இல்லாதார் தாழ்வாரத்திலோ பலகணி ஓரத்திலோ ஒரு மண்தொட்டியேனும் வைத்து, அதில் ஒரு செடியை நட்டு மகிழ்வர். நீர் விடுதல் எவர்க்குந் தெரியும். வெயிலும் நிழலும் பார்த்து வைத்தல் பலர்க்குத் தெரியும். எருவிடுதலின் முறையறிந்தாரோ சிலரே. 'பூக்கவில்லையா? ஒரு பிடி எருப் போடு' என்பது யாண்டும் வழங்கும் அறிவுரை. அவ்வறிவுரையின்படி நடந்து ஒரு செடியைக் கொன்றவர் யாம். கொன்ற பின்னரே கற்றோம். அங்ஙனங் கற்றதை நம் கல்லூரி அன்பர்க்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் யாமும் எம் விடுதித் தோழர் சிலரும் ஏற்காட்டிற்குச் சென்றிருந்தோம். சேலத்தினின்று புறப்பட்டு, அடிவாரங் கடந்து, இருபது கொண்டையூசி வளைவுகளையும் சுற்றியேறி ஏரிக்கரையில் இறங்கியபோது, மேகம் கைக்கெட்டும் அளவில் நின்றது. அங்கு ஒரு நாற்றுப்பண்ணையில், பசிய நிழல்வலையின் கீழ், அரக்குப் பூசினாற்போல் மின்னுஞ் செம்மடல்களைத் தாங்கி வரிசையாய் நின்ற செடிகளைக் கண்டோம். ஆந்தூரியம் என்பது அவற்றின் பெயர் என்றனர். இரண்டு தொட்டிகளை வாங்கினோம்.

வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. எம் விடுதியிற் பல்லாண்டு சமையற்றொழில் புரிந்த முதியவர் ஒருவர் பங்குனித் திங்களோடு ஓய்வு பெற இருந்தார். அவர் பூக்களிற் பெருவிருப்பினர். சமையற்கட்டின் பின்புறத்தே பழைய எண்ணெய்த் தகரங்களிற் கனகாம்பரமும் டிசம்பர்ப் பூவும் வளர்ப்பவர். அவர் விடைபெறும் நாளில் இவ்விரு செடிகளையும் பூத்த நிலையில் அவர் கையிற் கொடுத்தல் வேண்டும் என்று துணிந்தோம்.

கார்த்திகை பிறந்தது. வாங்கியபோதிருந்த பூக்கள் வாடின. புதுப்பூ ஒன்றும் தோன்றக் காணோம். பொறுமை இழந்தோம். தோழர் ஒருவர் தம் ஊரினின்று யூரியா உரம் சிறிது கொணர்ந்தார். இரண்டு தொட்டிகளுக்கும் ஒரே நாள் மாலையில் அரைப்பிடி அரைப்பிடியாக இட்டு, மேலே சிறிது நீருந் தெளித்தோம். ஒரு தொட்டி தாழ்வாரத்தின் உட்புறத்தே இருந்தது. மற்றொன்று கூரைநீர் விழும் ஓரத்தே இருந்தது. அன்றிரவு பெருமழை பெய்தது.

ஐந்தாறு நாட்களில் உட்புறச் செடியின் இலைநுனிகள் கருகின. பத்து நாட்களில் இலைகள் விளிம்பினின்று உள்நோக்கிக் காய்ந்தன. பெயர்த்துப் பார்த்தபோது வெண்ணிற வேர்களெல்லாம் பழுப்பேறிக் குழைந்திருந்தன. மாதம் முடியுமுன் அஃது மாண்டது. ஓரத்திலிருந்த செடியோ இரண்டு இலைகளை இழந்து உயிர் பிழைத்தது. எருவும் ஒன்று, அளவும் ஒன்று, நாளும் ஒன்று. அங்ஙனமாக ஒன்று மாளவும் ஒன்று பிழைக்கவும் நேர்ந்தது எதனால்? இவ்வினாவே எம்மைத் தைத்திங்களில் மீண்டும் ஏற்காட்டிற்கு அழைத்துச் சென்றது.

மலையும் மண்ணும்

ஏற்காடு, சேர்வராயன் மலையின்மேல், கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். ஏரியுங் காடுஞ் சேர்ந்து அப்பெயர் பிறந்தது என்பர். சேலத்தில் வெயில் தீய்க்கும் நாளிலும் அங்கே காற்றுக் குளிர்ந்திருக்கும். 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளிற் சேலங் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் இம்மலையிற் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். இன்றும் மலைச்சரிவெங்கும் சில்வர் ஓக் மரங்களின் நிழலிற் காப்பிச் செடிகள் நிற்கின்றன. அம்மரங்களின்மீது மிளகுக் கொடிகள் படர்ந்துள்ளன. வெயிலை வடிகட்டும் நிழல், ஈரக்காற்று, மிகையில்லா வெப்பம் என்னும் இம்மூன்றுமே ஆந்தூரியம் வேண்டுவன. ஆகலின் அஃது அம்மலையில் நன்கு வளர்தல் வியப்பன்று.

அம்மலையின் மண் தனி இயல்புடையது. உச்சிப் பகுதிகளில் அலுமினியத்தின் தாதுவாகிய பாக்சைட்டு உண்டு. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஒருகாலத்தில் அது வெட்டியெடுத்துச் செல்லப்பட்டது. மழை நெடுங்காலம் அரித்த செம்மண்ணிற் புளிப்புத்தன்மை மிகும். அத்தகைய மண்ணிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிட்டாது. பூட்டிய பெட்டகத்துள் வைத்த பொருள்போலாம்.

மண்ணின் இயல்பு பூவின் நிறத்தையே மாற்றவல்லது என்பதற்கு, மலைநகர்த் தோட்டங்களில் வளரும் ஹைட்ராஞ்சியா சான்றாகும். புளிப்பு மண்ணில் அலுமினியங் கரைந்து வேர்வழி ஏற, அதன் பூ நீலமாகும். அதே செடியின் அடியிற் சுண்ணாம்பு இட்டுப் புளிப்பைத் தணித்தால் பூ இளஞ்சிவப்பாகும். ஆகவே எருவிடுவான் செடியை மட்டும் நோக்கினாற் போதாது. அது நிற்கும் மண்ணையும் நோக்கல் வேண்டும்.

பண்ணையிலிருந்த முதிய தோட்டக்காரரிடம் நடந்ததை ஒளிக்காமற் கூறினோம். அவர் எம்மைக் கடிந்தாரல்லர்.

"எந்த மண்ணில் வைத்தீர்கள், தம்பி?" என்றார்.

"தாங்கள் கொடுத்த தொட்டியில் அப்படியே வைத்தோம், ஐயா" என்றோம்.

அவர் ஒரு தொட்டியைச் சாய்த்துக் காட்டினார். அதில் மண்ணென்பதே அரிதாயிருந்தது. தேங்காய் நார்த்துண்டு, அடுப்புக்கரி, செங்கற் சில்லு, மக்கிய இலை இவையே நிறைந்திருந்தன. "இதற்கு வேர் மூச்சு விடவேண்டும். இதன் சொந்தக்காரர்களை ஏரிக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பாருங்கள், மண்ணில்லாமலே பூக்கிறார்கள்" என்றார்.

அவர் குறித்தது, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் ஏற்காட்டில் 1963-ஆம் ஆண்டில் நிறுவிய ஆர்க்கிட் தோட்டத்தை. தாவரவியல் முறையில் ஆந்தூரியம் ஆர்க்கிட் குடும்பத்ததன்று; சேம்பும் கருணையும் சேர்ந்த குடும்பத்தது. வாழ்க்கை முறையாற்றான் அவ்விரண்டும் உறவு. அங்கு ஆர்க்கிட் செடிகள் பல மரக்கட்டைகளிலும் கரித்துண்டு நிறைந்த தொட்டிகளிலும் வேர்பற்றி நிற்கக் கண்டோம். காட்டில் இவை மரக்கிளைகளிற் றொற்றி வாழ்பவை. மரத்தின் சாற்றை உறிஞ்சுவனவல்ல. இடம் மட்டுமே பெறுவன. கிளைவழி வழியும் மழைநீரிற் கரைந்துவரும் சிறிதளவு சத்தும், பட்டையின் இடுக்கில் மக்கும் இலைத்துகளுமே இவற்றின் உணவு.

அத்தோட்டத்திற் காசிக் குன்றுகளுக்கு உரிய குடுவைச் செடியும் உண்டு. சத்தற்ற மண்ணில் வாழ்வதால் அஃது இலைநுனியைக் குடுவையாக்கிப் பூச்சிகளை வீழ்த்தித் தனக்கு வேண்டும் தழைச்சத்தைப் பெறுகின்றது. ஒரு பூச்சியில் அடங்கிய சத்து எத்துணைச் சிறிது! அச்சிறிதைக்கொண்டு வாழக் கற்ற செடியின் அடியிற் பிடியெரு இடுதல் கொடுமையேயாம்.

ஆந்தூரியத்தின் இயல்பு

ஆந்தூரியத்தின் தாயகம் தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா, எக்குவடோர் நாடுகளின் ஈரமிகு மலைக்காடுகள். பிரெஞ்சுத் தாவரவியலார் எட்வார்ட் ஆந்திரே 1876-ஆம் ஆண்டில் இதனைக் கண்டு ஐரோப்பாவிற்கு அனுப்பினார். கிரேக்க மொழியில் இப்பெயர் பூவையும் வாலையுங் குறிக்கும் இருசொற்களின் சேர்க்கை. 'வாற்பூ' எனத் தமிழிற் கூறினும் பொருந்தும்.

நாம் பூவென்று போற்றும் செந்நிற அகல்தகடு உண்மையிற் பூவன்று. நிறம்பெற்ற இலையாகிய மடலே அது. அதன் நடுவே நிமிர்ந்து நிற்கும் கதிரில் நெருங்கிப் பதிந்திருக்கும் சிறு புள்ளிகளே பூக்கள். தாழை மடலையும் தென்னம்பாளையையும் அறிந்த நமக்கு இவ்வமைப்புப் புதிதன்று.

எருவிடுவார் இன்றியமையாது அறியவேண்டிய செய்தி ஒன்று ஈண்டு உண்டு. வளர்ந்த ஆந்தூரியத்தில், புதிய இலை ஒவ்வொன்றின் கக்கத்தினின்றும் ஒரு பூங்கதிர் தோன்றும். இலை வாராது பூ வாராது. செடி மெல்ல மெல்ல இலைவிடும், ஆண்டொன்றிற்கு ஒருசில இலைகளே வரும், பூவும் அவ்வளவே. ஆகலின் 'நாளை பூக்க இன்று எரு' என்பது இச்செடியின்பாற் செல்லாது. இன்றிடும் உணவு முதலில் வேராகி, பின் இலையாகி, அதன்பின்னரே பூவாகும். யாம் கார்த்திகையிற் கண்டது நோயன்று. ஓர் இலைக்கும் மற்றோர் இலைக்கும் இடையிலுள்ள இயற்கையான ஓய்வு. அவ்வோய்வைப் பசியென்று மயங்கினோம்.

செடியின் உணவு

செடி தன் உடலின் பெரும்பகுதியைக் காற்றினின்றும் நீரினின்றும் ஆக்கிக்கொள்கிறது. வேர்வழி வேண்டுவன சிறிய அளவினவே. அவற்றுள் தலையானவை மூன்று: தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து. தழைச்சத்து இலையையும் தண்டையும் வளர்க்கும். மணிச்சத்து வேருக்கும், செடியினுள் ஆற்றல் பரிமாற்றத்திற்கும் வேண்டும். சாம்பற்சத்து நீரின் போக்குவரவை ஒழுங்குசெய்து, தண்டிற்கும் பூவிற்கும் உறுதி தரும். உரப்பைகளில் 19:19:19 என்றாற்போல் அச்சிட்டிருக்கும் மூன்று எண்களும் இம்மூன்றன் நூற்றுவீதத்தை இம்முறையே குறிப்பன. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து உண்டு. ஏனைய இரண்டும் அறவே இல்லை.

இவற்றின் வேறாகச் சுண்ணாம்புச்சத்து, மக்னீசியம், கந்தகம், இரும்பு முதலியனவும் வேண்டும். சுண்ணாம்புச்சத்துக் குறைந்தால் ஆந்தூரிய மடலின் ஓரத்தில் நிறங்கெட்டுப் பழுப்புத் திட்டுக்கள் தோன்றும். மக்னீசியங் குறைந்தால் முதிய இலைகளில் நரம்பு பச்சையாய் நிற்க, இடைவெளி மஞ்சளாகும்.

செருமானிய அறிஞர் கார்ல் ஸ்பிரெங்கல் கண்டு, பின்னர் யுஸ்டஸ் லீபிக் என்பார் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பரப்பிய விதி ஒன்று உண்டு. செடியின் வளர்ச்சியை வரையறுப்பது மிகுந்துள்ள சத்தன்று, மிகக் குறைந்துள்ள சத்தே என்பது அவ்விதி. உப்பில்லாக் குழம்பிற் புளியைக் கூட்டினாற் சுவை வருமா? உப்புக் குறைந்த இடத்தில் உப்பே வேண்டும். அங்ஙனமே மணிச்சத்துக் குறைந்த செடிக்கு யூரியாவை எத்துணை யிட்டாலும் பயனில்லை, கேடே மிகும். நிழல் மிகுந்து ஒளி குறைந்தவிடத்து எந்த எருவும் பயன்படாது. ஏனெனில் ஆண்டுக் குறைந்தது ஒளியே.

மிகையால் விளையுங் கேடு

இனி, எம் செடி மாண்ட காரணத்திற்கு வருவோம். ஊறுகாய் போடுவார் மாங்காயை நறுக்கி உப்பிட்டு வைப்பர். மறுநாட் பார்த்தால் துண்டுகள் சுருங்கி, பானையில் நீர் நிற்கும். அந்நீரை ஊற்றியவர் யார்? எவருமிலர். வெளியிலுள்ள உப்பு மிகுதியால், காயின் உள்ளிருந்த நீர் மென்றோல் வழியே வெளிப்போந்தது. இதனைச் சவ்வூடு பரவல் என்பர் அறிவியலார். வேரும் அத்தகையதே. வேரின் உயிரணுக்களுள் இருக்குங் கரைசல் புறத்துள்ள நீரினுஞ் செறிவுடையதாயிருக்கும்வரை நீர் உட்புகும். நாம் அரைப்பிடி உரத்தை இட்டுவிட்டால் நிலை தலைகீழாகும். நீர் வேரினின்று வெளியேறும். தொட்டி ஈரமாயிருக்க, செடி தாகத்தால் வாடும். இலைநுனி முதலிற் கருகுதல் இதன் அடையாளம்.

யூரியாவிற்கு மற்றொரு தீங்கும் உண்டு. நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும்போது அம்மோனியா தோன்றும். அகன்ற வயலில் அது பரவிக் கரையும். சிறுதொட்டியிற் போக்கிடமின்றி வேரைச் சுடும். வயலுக்குரிய அளவையும் முறையையும் தொட்டிக்கு மாற்றியதே எம் பிழை. நிலத்தில் நிற்குஞ் செடி தன் வேரை வேண்டாத இடத்தினின்று விலக்கி வேறிடம் செலுத்தவல்லது. தொட்டிச் செடியோ நாம் கொடுத்ததை ஏற்றே ஆகவேண்டும். அதற்குத் தப்பும் வழியில்லை. ஆகவே அதனை வளர்ப்பார்க்குப் பொறுப்பு மிகுதி.

ஓரத்துச் செடி பிழைத்ததன் காரணமும் இப்போது விளங்கும். அன்றிரவு கூரைநீர் நெடுநேரம் அத்தொட்டியின் வழியே ஓடி, அடித்துளையால் வடிந்து, கரைந்த உரத்தைப் பெரும்பாலும் கழுவிச் சென்றது. மழை எம் பிழையைத் திருத்திற்று. உட்புறத் தொட்டிக்கு அத்திருத்தம் எட்டவில்லை.

எருவிடும் முறை

தோட்டக்காரர் கூறியதும், பின்னர்த் தாவரவியல் ஆசிரியரிடம் கேட்டறிந்ததும், யாம் எஞ்சிய செடியிற் செய்து பார்த்ததும் சேர்த்து ஈண்டு முறைப்படுத்துகின்றோம்.

முதலாவது, எருவிடுமுன் விரலை ஒரு கணுவளவு தொட்டியுள் விட்டுப் பார்த்தல் வேண்டும். முற்றும் உலர்ந்திருந்தால் அன்று எருவிடலாகாது. முதலில் வெறுநீர் விட்டு வேரை நனைத்து, சிறிதுநேரங் கழித்தோ மறுநாளோ எருநீர் விடுக. உலர்ந்த வேரில் எருநீர் பட்டால் எளிதிற் சுடும்.

இரண்டாவது, நீரிற் கரையும் 19:19:19 போன்ற உரமாயின், 1 லிட்டர் நீருக்கு 1 கிராம் போதும். தேக்கரண்டி நிரம்ப எடுத்தால் ஏறக்குறைய 5 கிராம் ஆகிவிடும்; ஆகவே ஒரு தேக்கரண்டி உரத்தை 5 லிட்டர் நீரிற் கரைத்தல் எளிய வழி. செடி புதிய இலை விடுங் காலத்தில் 15 நாட்களுக்கு ஒருமுறை இதனை விடலாம். ஐயம் நேர்ந்தால் அளவைக் குறைக்க, கூட்டற்க.

மூன்றாவது, வீட்டுப் பொருள்களைக் கொண்டு செய்யவிரும்புவார்க்குக் கடலைப் பிண்ணாக்கு நன்று. 100 கிராம் பிண்ணாக்கை 1 லிட்டர் நீரில் மூன்று நான்கு நாட்கள் ஊறவைத்து வடிகட்டி, தெளிந்த நீரைப் பத்துமடங்கு நீர் சேர்த்து, மாதம் ஒருமுறை விடுக. நாற்றம் உண்டாதலின் விடுதி அறைக்கு இஃது ஏற்றதன்று என்பதையும் உரைத்தல் எம் கடன். நன்கு மக்கிய மண்புழு எருவை ஒரு தொட்டிக்கு இரண்டு மூன்று கரண்டி மேலே தூவுதலும் தகும். மக்காத சாணத்தையும், வடித்தெடுத்த காப்பித்தூட் கசட்டையும் நேரே இடுதல் ஆகாது. இவை மக்குங்கால் வேரருகே சூடும் பூஞ்சையுந் தோன்றும். தழைச்சத்தும் சிறிதுகாலம் நுண்ணுயிர்களாற் கவரப்படும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களிற் பழத்தோலைக் குவித்து மக்கவைத்த பின்னரே எருவாக்குவர். நாமும் அங்ஙனமே செய்தல் வேண்டும்.

நான்காவது, மாதம் ஒருமுறை எருவின்றி வெறுநீரை மிகுதியாக விட்டு, அடித்துளை வழியே நன்கு வடியச் செய்க. தங்கிய உப்புக்கள் கழுவப்படும். நம் சமவெளிகளிற் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பும் சுண்ணாம்பும் மிக்கது. தொட்டியின் விளிம்பில் வெண்படலம் படர்தல் அதன் குறி. மழைநீரைப் பிடித்துவைத்து விடுதல் சாலச் சிறந்தது.

ஐந்தாவது, எருவிடலாகாத காலங்கள் உள. தொட்டி மாற்றிய ஒரு மாதம் வரை, வேர் புண்பட்டிருத்தலால், எரு வேண்டா. நோயுற்ற செடிக்கும், வாடி நிற்கும் செடிக்கும், புதுவளர்ச்சி நின்ற காலத்திலும் எரு வேண்டா. காய்ச்சலில் கிடப்பார்க்கு விருந்திடுவார் உண்டோ? கஞ்சியன்றோ கொடுப்பர்.

ஆறாவது, மடலோரம் பழுத்துச் சுண்ணாம்புச்சத்தின் குறை தோன்றினால், கால்சியம் நைட்ரேட்டு என்னும் உரத்தை 1 லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, வேறொரு நாளில் தனியே விடுக. மணிச்சத்துள்ள உரத்தோடு ஒரே நீரில் இதனைக் கலந்தால் இரண்டும் சேர்ந்து திரிந்து அடியிற் படியும், செடிக்குப் பயன்படாது.

ஈண்டு உரைத்தவை ஆந்தூரியத்திற்கு உரியவாயினும், கொள்கை ஏனைத் தொட்டிப் பூஞ்செடிகளுக்கும் பொது. ரோசாவும் செம்பருத்தியும் பேருண்டியாளர்; வெயிலில் நின்று விரைந்து வளர்வன ஆகலின் சற்று மிகுதியாய்க் கொடுக்கலாம். ஆர்க்கிட் சிற்றுண்டியாளர், ஆந்தூரியத்திற்கு விடுவதிலும் பாதிச் செறிவே அதற்குப் போதும்.

மிகையாய் இட்டுவிட்டால்

யாம் செய்த பிழையை வேறெவரேனுஞ் செய்துவிட்டால், உடனே மேலேயுள்ள உரத்தைச் சுரண்டி எடுத்துவிடுக. பின்னர்த் தொட்டியைக் குழாயடியில் வைத்து, தொட்டியின் கொள்ளளவைப்போல் நாலைந்து மடங்கு நீரை மெல்லமெல்ல ஊற்றி வடியவிடுக. அடித்தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுக. இல்லையேல் அதே உப்பு மீண்டும் மேலேறும். நிழலில் வைத்து, கருகிய இலைகளை மட்டும் நீக்கி, புதிய இலை தோன்றும்வரை எரு ஏதும் இடாது காத்திருக்க. பச்சையாயுள்ள பகுதியை வெட்டற்க. செடி உணவாக்குதற்கு அவையே துணை. நீரைக்காட்டிலும் இங்குக் கடினமானது காத்திருத்தலே என்பதை யாம் அறிவோம்.

முடிவுரை

தமிழ் பயிலும் எமக்கு இவ்வனைத்தும் புதியனவாயிருத்தல் கூடாது. உழுதலினும் எருவிடுதல் நன்று என வள்ளுவர் உழவு அதிகாரத்திற் கூறியதை யாம் மனப்பாடமாய் அறிவோம். அதனையே பிடித்துக்கொண்டு உரத்தை அள்ளினோம். அதே குறள், களைபறித்த பின்னர் நீரிடுதலினும் காத்தல் நன்று என்று முடிவதை மறந்தோம். மேலும், மருந்து என்னும் அதிகாரத்தில், முன்னுண்டது செரித்தமை தெளிந்து பின்னுண்பார்க்கு மருந்தே வேண்டா என்று அவர் கூறியது மாந்தர்க்கு மட்டுமன்று, தொட்டிச் செடிக்கும் ஒக்கும். எருவிடுதற்கு அதனினுஞ் சிறந்த நூல்விதி வேறில்லை. அவ்வாறே, காய்க்காத அத்திமரத்தை வெட்டிவிடச் சொன்ன தலைவனிடம் தோட்டக்காரன் மன்றாடிய உவமையை ஆலயத்திற் பன்முறை கேட்டிருக்கிறோம். அவன் எரு மட்டுங் கேட்டானல்லன். சுற்றிலுங் கொத்துதற்கும், இன்னும் ஓராண்டு பொறுத்தற்கும் இசைவு வேண்டினான். எருவை நினைவில் வைத்த யாம் அவ்வோராண்டை மறந்தோம்.

பங்குனித் திங்களில் விடைபெறு விழா வந்தது. இரண்டு தொட்டிகள் கொடுக்க எண்ணியிருந்தோம், ஒன்றே எஞ்சியது. அதில், மாசியில் விரிந்த புதிய இலையின் கக்கத்தினின்று ஒரே பூங்கதிர் எழுந்து, மடல் பாதி விரிந்த நிலையில் இருந்தது. அதனை அவர் கையிற் கொடுத்து, மற்றதற்கு நேர்ந்ததையுங் கூறினோம். அவர் பூவைச் சிறிதுநேரம் பார்த்தார். கருகி வெட்டிய இரண்டு காம்புகளின் தழும்பைத் தொட்டார். பிறகு விரலைத் தொட்டியுள் விட்டுப் பார்த்து, "ஈரம் இருக்கிறது, தம்பி. இன்றைக்கு ஒன்றும் வேண்டாம்" என்றார்.

எம் போன்றோர்க்கு நாள்தோறும் பசியறிந்து பரிமாறியவர் அவர். யாம் ஒரு செடியை இழந்து கற்றதை அவர் விரல் முன்னரே அறிந்திருந்தது. அன்பர்காள்! உங்கள் பலகணியோரத்துச் செடிக்கு எருவெடுத்துச் செல்லுமுன், ஒருமுறை விரலை விட்டுப் பாருங்கள். புதிய இலை வருகின்றதா என்று நோக்குங்கள். அதன்பின் சிறிதே கொடுங்கள்.